செந்துளுவன் தின்றால் ரத்தம் ஊறுமா?

சித்தி மகளுக்கு ஹீமோகுளோபின் (ரத்தத்தில் இருக்கும், இரும்பு சேர்ந்த சிவப்புப் புரதம்) 9-க்குக் கீழே போய்விட்டது என்று தெரிந்த அன்று சாயங்காலமே எங்கள் வீட்டு அடுக்களை சிவப்பாகிவிட்டது. நாகர்கோவில் வடசேரி சந்தையிலிருந்து அம்மா ஒரு சீப்பு செந்துளுவன் (மற்ற ஊர்க்காரர்களுக்குச் செவ்வாழை), ரெண்டு கட்டு சிவப்புக் கீரை, அரைக் கிலோ பீட்ரூட் எல்லாம் வாங்கி வந்துவிட்டாள், பக்கத்து வீட்டு அத்தை தன் பங்குக்கு நாலு மாதுளை. "தின்னா ரத்தம் ஊறுமாக்கும்" என்று பழக்கடைக்காரரே சொன்னாராம். ஒருகாலத்தில் இலைச் சாறு வடிகட்டியே ஆய்வகத்தில் காலம் தள்ளியவன் நான், வாய் சும்மா இருக்குமா? "அப்போ அவ தொலியையா தின்னப் போறா?" என்று கேட்டுவிட்டேன். செந்துளுவனின் சிவப்பு தொலியில்தானே இருக்கிறது, உள்ளே இருக்கும் பழம் வெளிர் மஞ்சள்தான்.

அம்மா முறைத்தாள். ஆனால் கேள்வி நல்ல கேள்விதான். ஒரு பழத்தின் நிறம் என்பது என்ன பொருள், அதற்கும் அதில் இருக்கும் சத்துக்கும் என்ன சம்பந்தம், அந்தச் சத்தை 100 கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எப்படித்தான் அளக்கிறார்கள்?

முதலில், அம்மா வாங்கி வந்த சிவப்புகள் எல்லாம் ஒரே சிவப்பு இல்லை. மாதுளை முத்திலும் செந்துளுவன் தொலியிலும் இருப்பது அந்தோசயனின் என்ற நிறமி. பீட்ரூட்டிலும் சிவப்புக் கீரையிலும் இருப்பது பீட்டாலைன், அது வேறு குடும்பம், அதன் மூலக்கூறில் நைட்ரஜன் உண்டு, சாதாரண அந்தோசயனினில் கிடையாது. இதில் ஒரு விசித்திரம், பீட்டாலைன் செய்யும் செடி அந்தோசயனின் செய்வதில்லை, அந்தோசயனின் செய்வது பீட்டாலைன் செய்வதில்லை. இரண்டும் சேர்ந்து இருக்கும் செடி ஒன்றைக்கூட இயற்கையில் இதுவரை யாரும் கண்டதில்லை. மூன்றாவது, தக்காளியிலும் சிவப்புப் பப்பாளியிலும் இருக்கும் லைக்கோப்பீன், அது கரோட்டின் வகையறா, தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். வாழைப்பூவின் கருஞ்சிவப்பு மடலைக் கிள்ளிப்போட்டு கொதிக்க வைத்து ஒரு தம்ளரில் எடுத்துக்கொள்ளுங்கள், சிவப்புக் கீரையைக் கசக்கிப் பிழிந்த தண்ணீரை இன்னொரு தம்ளரில். இரண்டிலும் எலுமிச்சை பிழிந்தால் மடல் தண்ணீர் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும், கீரைத் தண்ணீர் கண்டுகொள்ளாது. அதே மடல் தண்ணீரில் வேறு கொஞ்சம் எடுத்து ஆப்பச் சோடா போட்டால் நீலமும் பச்சையுமாக மங்கும். கீரைத் தண்ணீரை அசைக்க சோடா போதாது, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றினால்தான் சிவப்பு கலைந்து மஞ்சளாகும். அதே சுண்ணாம்பு மஞ்சள்பொடியைச் சிவப்பாக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். அதாவது ஒரே சுண்ணாம்பு ஒரு சிவப்பை மஞ்சளாக்குகிறது, ஒரு மஞ்சளைச் சிவப்பாக்குகிறது. கண்ணுக்குத் தெரியும் நிறத்தை வைத்து உள்ளே இருப்பது என்ன என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட மலிவான நிரூபணம் எனக்குத் தெரியாது.

சாற்றைப் பிழிந்த பிறகு மிஞ்சும் கீரைச் சக்கையையும் பாருங்கள், அது பச்சையாக இருக்கும். சிவப்புக் கீரைக்குள் பச்சையம் எப்போதும் இருக்கிறது, சிவப்பு அதை மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஒன்றை ஒன்று மறைக்கும் இந்த நிறங்களை எப்படிப் பிரிப்பது? இதற்கு வழி கண்டவர் மிகயீல் த்ஸ்வெத் என்ற ரஷ்யத் தாவரவியலாளர். 1903-ல் வார்சாவில் ஒரு கூட்டத்தில் முதலில் சொன்னார், 1906-ல் விரிவாக எழுதினார். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புக்கல் தூளை (வெற்றிலைச் சுண்ணாம்பு இல்லை, கால்சியம் கார்பனேட்) இறுக்கி நிரப்பி, மேலே இலைச் சாறு, அதன் பின்னால் கரைப்பான் என்று ஊற்றினார். சுண்ணாம்பை இறுகப் பற்றிக்கொள்ளும் நிறமி மேலேயே நின்றது, கரைப்பானோடு ஒட்டிக்கொண்ட நிறமி கீழே ஓடியது, வழியெல்லாம் பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாக விழுந்தது. அதற்கு அவர் வைத்த பெயர் குரோமட்டோகிராபி, நிறத்தை எழுதுதல். ரஷ்ய மொழியில் த்ஸ்வெத் என்றாலே நிறம் என்று அர்த்தம், ஆகவே தன் பெயரையே எழுதிவிட்டுப் போனாரோ என்று ஒரு சந்தேகம் உண்டு. பாவம், அவர் காலத்துப் பெரிய வேதியியலாளர்கள் இதை மதிக்கவில்லை. அவர் 1919-ல் இறந்தார், 1931-ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் கரோட்டின்களைப் பிரிக்க இந்த முறையைத் தூசி தட்டி எடுத்த பிறகுதான் உலகம் விழித்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு சாக்பீஸை வைத்தே இதைச் செய்யலாம். முருங்கை இலையை அசிட்டோன் உள்ள நகப்பூச்சு அழிப்பானில் நசுக்கி, சாக்பீஸின் அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே பொட்டு வைத்து, அடி மட்டும் நனையும்படி அதே திரவத்தில் நிறுத்தினால் பச்சையும் மஞ்சளும் பிரிந்து ஏறும். (இப்போது வரும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், சுண்ணாம்பு இல்லை, ஆனாலும் வேலை நடக்கும். அடுப்புப் பக்கம் வைத்துச் செய்துவிடாதீர்கள், அசிட்டோன் பக்கென்று பிடித்துக்கொள்ளும்.) இன்றைய ஆய்வகத்தில் ஹெச்பிஎல்சி என்று சொல்லும் லட்சக்கணக்கில் விலையுள்ள கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. விரல் தடிமன்கூட இல்லாத எஃகுக் குழாய்க்குள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு சில பங்கு அளவே உள்ள மணிகள், அவற்றினூடே திரவத்தைத் தள்ளப் பெரிய அழுத்தம், கடைசியில் எது எப்போது வெளியே வருகிறது என்று பார்க்க ஒரு ஒளிக்கண்.

சரி, பிரித்தாயிற்று, எவ்வளவு இருக்கிறது? இங்கேதான் கட்டன் சாயா (பால் ஊற்றாத தேநீர்) வருகிறது. ஒரு கண்ணாடித் தம்ளரில் கட்டன் சாயாவை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், பின்னால் அதே மாதிரி இன்னொரு தம்ளரையும் வையுங்கள், இருட்டிவிடும். இரண்டு தம்ளருக்குப் பதில் ஒரே தம்ளரில் இரட்டிப்புக் கடுப்பமாகச் சாயா போட்டாலும் அதே இருட்டுதான். எத்தனை மூலக்கூறுகள் ஒளியின் வழியில் நிற்கின்றனவோ அத்தனைக்கு ஒளி பிடிபடும். இதைக் கணக்காக எழுதினால் பியர்-லாம்பர்ட் விதி. ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற கருவி ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை ஒரு சென்டிமீட்டர் அகலக் குப்பிக்குள் அனுப்பி எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று எண்ணாகச் சொல்லும்.

ஏத்தன் பழத்தை (மற்ற ஊர்க்காரர்களுக்கு நேந்திரம்) எடுத்துக்கொள்வோம். பழுத்த ஏத்தனின் மஞ்சளுக்குக் காரணம் கரோட்டின்கள். பீட்டா கரோட்டின் மூலக்கூறில் 11 இரட்டைப் பிணைப்புகள் ஒன்று விட்டு ஒன்றாக வரிசையாக நிற்கின்றன, அந்த நீளப் பாதையில் எலெக்ட்ரான்கள் தாராளமாக ஓடலாம், அதனால் 450 நானோமீட்டர் பக்கத்து நீல ஒளியை அது விழுங்கிவிடும், மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வரும். நூறு மில்லி பெட்ரோலியம் ஈதரில் ஒரு கிராம் பீட்டா கரோட்டின் கரைந்தால் கருவி காட்டும் எண் 2592 வரவேண்டும் என்பது அட்டவணைக் கணக்கு (அவ்வளவு அடர்த்தியை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது, கணக்குக்கான எண் அது). ஒரு பேச்சுக்கு 5 கிராம் ஏத்தன் பழத்தை அரைத்து அதன் மஞ்சளை முழுக்க 25 மில்லி ஈதரில் இறக்கியதாகவும், கருவி 0.26 காட்டியதாகவும் வையுங்கள். 0.26-ஐ 2592-ஆல் வகுத்தால் நூறு மில்லியில் சுமார் 0.0001 கிராம், ஒரு மில்லியில் சுமார் 1 மைக்ரோகிராம், 25 மில்லியில் 25, அதாவது 100 கிராம் பழத்தில் 500 மைக்ரோகிராம்.

இதில் ஒரு குழி இருக்கிறது, நான் விழுந்த குழிதான். கல்லூரிப் புராஜெக்டில் இப்படி வந்த எண்ணை அப்படியே வைட்டமின் ஏ கணக்கில் எழுதிக் கொடுத்தேன், வழிகாட்டி ஆசிரியர் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். ஏனென்றால் லூட்டின் என்று இன்னொரு மஞ்சள் நிறமி, அதுவும் அதே 450 பக்கத்தில்தான் ஒளியை உறிஞ்சும், ஆனால் அதிலிருந்து நம் உடம்பு வைட்டமின் ஏ செய்யவே முடியாது. ஆல்ஃபா கரோட்டினிலிருந்து செய்யலாம், பீட்டாவில் கிடைப்பதில் பாதிதான். என் கண் மட்டுமல்ல, கருவியின் கண்ணும் ஏமாந்திருந்தது. முதலில் பிரி, பிறகு அள என்பதைத்தான் த்ஸ்வெத் சொல்லியிருந்தார். பிரித்த பிறகும், உணவில் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருந்தால்தான் உடம்புக்கு 1 மைக்ரோகிராம் ரெட்டினால் (நேரடி வைட்டமின் ஏ) என்று ஒரு மாற்று விகிதம் வைத்திருக்கிறார்கள். அதுவும் கொழுப்போடு சாப்பிட்டால். கீரையைத் தேங்காய் போட்டுத் துவரன் வைப்பது வெறும் ருசிக்கு மட்டும் இல்லை.

நிறமே இல்லாத சத்துகளுக்கு என்ன வழி? அவற்றை ஏதாவது நிறத்தோடு மோதவிட வேண்டும். கஞ்சித் தண்ணீரில் காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தை ஒரு சொட்டு விட்டால் கருநீலமாகும். அதில் எலுமிச்சையோ நெல்லிக்காய்ச் சாறோ சொட்டுச் சொட்டாக விட்டால் ஒரு கட்டத்தில் நீலம் மறையும், அயோடினைத் தீர்த்துக்கட்டியது முக்கியமாக வைட்டமின் சி. எத்தனை சொட்டில் மறைந்தது என்று எண்ணி, அளவு தெரிந்த ஒரு வைட்டமின் சி மாத்திரைக் கரைசலோடு ஒப்பிட்டால் கணக்கு வந்துவிடும். மரச்சீனிக் கிழங்கில் (மரவள்ளிதான்) இருக்கும் சயனைடும் இப்படித்தான், வெள்ளை வெளேரென்ற கிழங்கில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மஞ்சள் பிக்ரேட் தாளை மூடிய குப்பிக்குள் தொங்கவிட்டால் அது செம்பழுப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும். மரச்சீனியை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டும் நம் ஊர் வழக்கம் எவ்வளவு சரி என்பது அந்தத் தாளைப் பார்த்தால் தெரியும்.

புரதத்தை அளப்பதில் இன்னும் பெரிய குறுக்குவழி. 1883-ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த யோஹான் கெல்டால் செய்த முறை, கந்தக அமிலத்தில் எல்லாவற்றையும் வேகவைத்து அதிலிருந்து நைட்ரஜனை மட்டும் அளப்பது, பிறகு 6.25-ஆல் பெருக்கி புரதம் என்று எழுதிவிடுவது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்த முறை கேட்காது. 2008-ல் சீனாவில் பாலில் மெலமைன் (நைட்ரஜன் நிறைந்த ரசாயனம், புரதமே இல்லை) கலந்தவர்கள் பயன்படுத்திக்கொண்டது இந்த ஓட்டையைத்தான்.

இப்போது இரும்புக்கு வருவோம், வீட்டுச் சண்டையே அதில்தானே. ரத்தத்தின் சிவப்புக்குக் காரணம் ஹீம், நான்கு சிறு வளையங்கள் கோத்த ஒரு பெரிய வளையம், நடுவில் ஒரு இரும்பு அணு. கிட்டத்தட்ட அதே பெரிய வளையம், நடுவில் இரும்புக்குப் பதில் மெக்னீசியம் என்றால் அதுதான் பச்சையம். உறவுமுறை பார்த்தால் ரத்தத்துக்குச் சொந்தக்காரன் பச்சை, சிவப்பு இல்லை! அந்தோசயனின், பீட்டாலைன், லைக்கோப்பீன் மூன்றிலும் இரும்பு ஒரு அணுகூடக் கிடையாது. கீரையில் இரும்பு உண்டு, பச்சைக் கீரையிலும் உண்டு, ஆனால் அது அந்தச் சிவப்புச் சாயத்தில் இல்லை. வாழைப்பழத்தில், எந்த நிறமானாலும், 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் தேறுவதே கஷ்டம்.

இரும்பை அளக்க, உலரவைத்த கீரையை 550 டிகிரியில் எரித்துச் சாம்பலாக்கி அமிலத்தில் கரைப்பார்கள். அதுவரை இருந்த பச்சை, சிவப்பு எல்லாம் புகையாகப் போய்விடும், நிறம் அனேகமாக இல்லாத தண்ணீர் மாதிரி ஒரு கரைசல் மிஞ்சும். அதில் தயோசயனேட் என்ற உப்பின் கரைசலை விட்டால் அசல் ரத்தச் சிவப்பு எழும்பும், அந்தச் சிவப்பின் கடுப்பத்தை வைத்து இரும்பின் அளவு. ஆக அம்மா தேடிய சிவப்பு சாம்பலுக்குப் பிறகுதான் வருகிறது. ஒரு எச்சரிக்கை, கீரையைச் சரியாகக் கழுவாமல் எரித்தால் எண் தாறுமாறாக ஏறும். தக்கலை, குலசேகரம் பக்கத்துச் செம்மண் சிவப்பாக இருப்பதே இரும்பு ஆக்சைடால்தான். கட்டில் வந்த சிவப்புகளிலேயே நிஜமாக இரும்பு இருந்தது வேரில் ஒட்டியிருந்த மண்ணில் மட்டும்தான், அதையும் அம்மா மூணு தண்ணீரில் அலசிவிட்டாள்.

சாம்பலில் எவ்வளவு இரும்பு என்பது ஒரு எண், அதில் எவ்வளவு உடம்பில் சேரும் என்பது வேறு எண், இரண்டாவது எப்போதும் சின்னது. செடியிலிருந்து வரும் இரும்பு லேசில் உள்ளே போகாது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் கொஞ்சம் கூடுதலாகப் போகும், சாயா இருந்தால் குறையும். சித்தி மகள் ஊணு முடிந்த கையோடு கட்டன் சாயா குடிப்பவள். இரும்பு மாத்திரை ஒன்றைப் பொடித்து அவள் சாயாவில் போட்டுக் காட்டினேன், கறுத்து மையாகிவிட்டது. பழைய காலத்தில் எழுதும் மை செய்ததே ஏறக்குறைய இந்தச் சேர்க்கையில்தான். அன்றோடு சாயா சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது.

அந்த மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்தது, ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு. உள்ளே இருக்கும் ஃபெரஸ் சல்ஃபேட் உப்பின் சொந்த நிறம் வெளிறிய பச்சை, மேலே சர்க்கரைப் பூச்சு மட்டும் நல்ல சிவப்பு. அம்மா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேம்லா, சிவப்புதான்" என்றாள்.