எம்.ஆர்.ஐ. படத்தில் பதியாத வலி

முதுகு வலி சிறிதும் இல்லாத 3,110 பேரின் முதுகெலும்புப் படங்களைப் பற்றிய 33 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து, 2015-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்பின் டிஸ்குகள் தேய்ந்திருந்தன. இருபது வயதினரிலேயே 30 விழுக்காட்டினருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இவர்களில் ஒருவருக்கும் வலி இல்லை. ஆகவே, படத்தில் தெரியும் தேய்மானத்தை மட்டும் வைத்து ஒருவருக்கு வலி இருக்கும் என்று முடிவு செய்ய இயலாது. இந்த உண்மையின் மறுபக்கத்தை ஏற்கத்தான் மருத்துவ உலகம் நெடுங்காலம் தயங்கியது: படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒருவருக்கு வலி இல்லை என்றும் முடிவு செய்ய இயலாது.

ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் என்று எல்லாவற்றையும் முடித்துத் தடித்த ஃபைலுடன் மருத்துவர் முன் அமர்ந்திருப்பவரிடம், “எல்லாம் நார்மல்தான், மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்” என்று சொல்லப்படும்போது, இரண்டு வேறுபட்ட செய்திகள் ஒன்றாகக் கட்டி அனுப்பப்படுகின்றன. எலும்பிலும் மூட்டிலும் தசையிலும் பெரிய சேதம் இல்லை என்பது முதல் செய்தி. அது நல்ல செய்தி, உண்மையும்கூட. உங்கள் வலிக்கு உடலில் காரணம் ஏதும் இல்லை என்பது இரண்டாவது செய்தி. அந்தப் பரிசோதனைகள் அதைச் சொல்லவே இல்லை. நரம்பு மண்டலம் எப்படி வேலை செய்கிறது என்பதை அளக்கும் திறன் ஒரு வழக்கமான எம்.ஆர்.ஐ. படத்துக்குக் கிடையாது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவம் வகுத்திருக்கிறது. அவ்வகை வலிகளில் பலவற்றின் மூலம் நரம்பு மண்டலத்தின் செயல்பாட்டில்தான் இருக்கிறது.

தோலிலும் தசையிலும் மூட்டிலும் முடிவடையும் சில நரம்பிழைகள் ஆபத்தை உணர்வதற்கென்றே அமைந்தவை. அவற்றுள் உறையிட்ட மெல்லிய இழைகள் செய்தியை விரைவாகக் கடத்துகின்றன. கால் இடித்தவுடன் சுளீரென்று வருவது அவற்றின் வேலை. உறையற்ற சி இழைகள் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் மெதுவாகக் கடத்துகின்றன. சற்றுப் பிந்தி வந்து நீடிக்கும் கடுப்பு அவற்றால் வருவது. இந்த இழைகளின் நுனியில் வெப்பத்தை உணரும் புரதம் ஒன்றை அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸின் குழு 1997-இல் கண்டறிந்தது. அதைத் தேடிப் பிடிக்க அவர்கள் பயன்படுத்திய பொருள், மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின். ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் திறக்கும் அந்தப் புரதத்தைக் காரமும் திறந்துவிடுவதால்தான் மிளகாய் பட்ட இடம் சுட்டதுபோல் எரிகிறது. 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் ஜூலியஸுக்குப் பங்கு கிடைத்தது.

வலியைப் புரிந்துகொள்வதற்கு இங்கே ஒரு முக்கியமான குறிப்பு உண்டு. அந்தப் புரதம் திறக்கும் அளவு மாறாத ஒன்றன்று. திசுவில் அழற்சி ஏற்பட்டால் அங்கே சுரக்கும் வேதிப்பொருட்கள் அந்த அளவைக் கீழிறக்கிவிடுகின்றன. வெயிலில் கன்றிப்போன தோலில் வெதுவெதுப்பான நீர் பட்டாலும் எரிகிறதல்லவா? நீரின் வெப்பம் மாறவில்லை. உணரும் கருவி மாறிவிட்டது. இது பெரும்பாலும் சில நாட்களில் தணிந்துவிடும்.

தணியாத மாற்றம் தண்டுவடத்தில் நிகழக்கூடும். உடலிலிருந்து வரும் வலிச் செய்தி தண்டுவடத்தில் அப்படியே மூளைக்குத் தாண்டிப் போவதில்லை என்றும், அங்கே கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்றும் வலி ஆய்வாளர்களான ரொனால்டு மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் தங்கள் ‘வாயில்’ கோட்பாட்டில் முன்மொழிந்தார்கள். இடித்துக்கொண்ட குழந்தையின் நெற்றியைத் தாய் தேய்த்துவிடும்போது வலி தணிவதற்கு அக்கோட்பாடு காரணம் காட்டியது: தொடுகையைக் கடத்தும் தடித்த இழைகள் தண்டுவடத்தில் வலியின் வழியைக் குறுக்குகின்றன. அதன்பின் 1983-இல், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பணியாற்றிய கிளிஃபர்டு வூல்ஃப், எலிகளின் காலில் ஏற்பட்ட காயத்துக்குப் பிறகு அவை மிகக் குறைந்த தூண்டலுக்கே காலை இழுத்துக்கொள்வதையும், அந்த மிகையுணர்வின் ஒரு பகுதி காயத்தில் அல்லாமல் தண்டுவடத்திலேயே உருவாவதையும் காட்டினார். வலி ஆய்வின் வரலாற்றில் இதைவிட நோயாளிகளுக்கு நெருக்கமான கண்டுபிடிப்பு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தண்டுவடத்தின் நரம்பணுக்களில் குளூட்டமேட் என்னும் வேதிப்பொருளை ஏற்கும் ஒருவகை ஏற்பிகள், சாதாரண நேரங்களில் மக்னீசியம் அயனியால் அடைபட்டிருக்கும். எப்போதாவது வரும் வலிச் செய்தி அந்த அடைப்பை நீக்குவதில்லை. செய்தி விடாமல் வந்துகொண்டே இருந்தால் அடைப்பு விலகுகிறது. கால்சியம் நரம்பணுவுக்குள் பாய்கிறது. அதன் விளைவாக அந்த அணு தன் மேற்பரப்பில் மேலும் பல ஏற்பிகளை நிறுத்திக்கொள்கிறது. முன்பு பத்துக்கு எழுந்த அணு இப்போது மூன்றுக்கே எழுகிறது. அதற்கு மேல், வெறும் தொடுகையைக் கடத்தும் இழைகளின் செய்திக்கும் அது வலியாக விடைதரத் தொடங்குகிறது. சட்டைத் துணி உராய்ந்தாலும், தலை வாரினாலும், அன்பாக ஒருவர் தோளில் கை வைத்தாலும் வலிக்கிறது என்று ஒருவர் சொல்வது மிகைப்படுத்தல் என்று கருதப்படுவதுண்டு. அவருடைய தண்டுவடத்தில் நடப்பதை அவர் துல்லியமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதே உண்மையாக இருக்கக்கூடும்.

மூளையிலிருந்து கீழ்நோக்கி வரும் கட்டுப்பாடும் உண்டு. நடுமூளையின் ஒரு சிறு பகுதியை மின்சாரத்தால் தூண்டினால், வேறு மயக்க மருந்தின்றி எலிகளுக்கு வயிற்றில் அறுவை செய்ய முடிகிறது என்று 1969-இல் டேவிட் ரெனால்ட்ஸ் அறிவித்தார். அப்பகுதியிலிருந்து தொடங்கும் பாதைகள் செரடோனின், நார்அட்ரினலின் ஆகியவற்றின் வழியாகத் தண்டுவடத்தில் வலியை அடக்குகின்றன. நாள்பட்ட வலி உள்ளவர்களில் பலருக்கு இந்த அடக்கும் பாதை தளர்ந்திருக்கிறது. வலிக்காகச் சென்றவருக்கு அமிட்ரிப்டிலின் அல்லது டுலாக்ஸிட்டின் எழுதித்தரப்படுவதன் காரணம் இதுதான். அந்த மருந்துகள் அவ்விரு வேதிப்பொருட்களை நரம்பணுக்களுக்கு இடையில் கூடுதல் நேரம் தங்கவைக்கின்றன. இதை யாரும் விளக்காத நிலையில், வீட்டுக்குப் போய் மருந்தின் பெயரைத் தேடிப் பார்க்கும் நோயாளி, அது மனச்சோர்வுக்கான மாத்திரை என்று கண்டு, தன்னை மனநோயாளி என்று மருத்துவர் முடிவு செய்துவிட்டதாக எண்ணி, மாத்திரையையும் மருத்துவரையும் ஒருசேரக் கைவிடுகிறார். வலிக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலினின் அளவு மனச்சோர்வுக்குத் தரப்படுவதைவிடப் பெரும்பாலும் மிகக் குறைவு என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவர் சொல்லியிருந்தால் போதும். அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விடுவதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

உடல் முழுவதும் பரவிய வலி, தூங்கியும் தீராத அசதி, மறதி ஆகியவற்றோடு வரும் ஃபைப்ரோமயால்ஜியா இவை அனைத்துக்கும் தெளிவான எடுத்துக்காட்டு. 1990-இல் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி, உடலில் குறித்த 18 இடங்களை அழுத்திப் பார்த்து 11 இடங்களிலாவது வலித்தால்தான் அந்நோய் என்று ஏற்றார்கள். 2010-இல் வந்த புதிய அளவுகோல் அந்த எண்ணிக்கையைக் கைவிட்டு, வலியின் பரவலையும் அசதியையும் உறக்கத்தையும் நோயாளியிடமே கேட்டறியச் சொன்னது. இடையில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களின் கட்டைவிரல் நகத்தை இலேசாக அழுத்தியபோது அவர்கள் மூளையில் தூண்டப்பட்ட பகுதிகள், நலமானவர்களை அதைவிட மிகக் கடுமையாக அழுத்தியபோது தூண்டப்பட்ட பகுதிகளோடு பெரிதும் ஒத்திருந்தன. 2021-இல் லண்டன் கிங்ஸ் காலேஜ், லிவர்பூல் பல்கலைக்கழகம், ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து, இந்நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதங்களை எலிகளுக்குச் செலுத்தியபோது அந்த எலிகள் அழுத்தத்துக்கும் குளிருக்கும் கூடுதலாக வலி காட்டின. எலிக்குக் கற்பனை வலி வருவதில்லை. நரம்பு மண்டலத்தோடு நோயெதிர்ப்பு மண்டலத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம் என்ற திசையில் இப்போது ஆய்வுகள் செல்கின்றன.

வலியை நம்ப மறுத்த வரலாறு மருத்துவத்துக்கு உண்டு. பச்சிளங்குழந்தைகளின் நரம்புகள் முதிராதவை என்ற எண்ணத்தில், 1980-கள் வரைகூடப் பல மருத்துவமனைகளில் அவர்களுக்குப் போதிய மயக்கமும் வலிநீக்கமும் இன்றி அறுவை நடந்தது. கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடைய ஆக்ஸ்ஃபோர்டு குழுவினரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு, வலிநீக்கம் பெற்ற குழந்தைகள் நன்றாகத் தேறியதைக் காட்டிய பின்னரே நடைமுறை மாறத் தொடங்கியது. 1993-இல் வெளியான லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு ஒன்றில், கை கால் எலும்பு முறிந்து வந்தவர்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் வலிமருந்தே பெறாமல் போகும் வாய்ப்பு மற்ற வெள்ளையினரைப்போல இரு மடங்காக இருந்தது. எலும்பு முறிவு படத்தில் தெரிந்தும் இந்த நிலை. கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களுக்கு நோய் இன்னதென்று தெரியவே பல ஆண்டுகள் ஆகின்றன. மாதவிடாய் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்ற சொல்லை வீட்டிலும் கேட்டு, மருத்துவரிடமும் கேட்டு அவர்கள் அந்த ஆண்டுகளைக் கடக்கிறார்கள்.

நம்பிக் கேட்பது வலியின் இயக்கத்திலேயே தலையிடும் செயல் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. பல் பிடுங்கியபின் மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்து பெற்றுச் சற்று வலி தணிந்தவர்களுக்கு, ஓப்பியாய்டுகள் எனப்படும் அபின் வகை வலிநீக்கிகளின் செயலைத் தடுக்கும் நாலோக்ஸோன் செலுத்தியபோது வலி மீண்டும் கூடியதை 1978-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். அதாவது, எதிர்பார்ப்பு மூளையின் சொந்த வலிநீக்கிகளைச் சுரக்கவைத்திருந்தது. 2011-இல் உல்ரிக்கே பிங்கலும் சக ஆய்வாளர்களும் தன்னார்வலர்களுக்கு ரெமிஃபென்டனில் என்ற வலுவான மருந்தைச் செலுத்திக்கொண்டே, மருந்து ஏறுகிறது என்று ஒருமுறையும், மருந்து நின்றுவிட்டது, இனி வலி கூடலாம் என்று இன்னொருமுறையும் சொன்னார்கள். மருந்தின் அளவு மாறவே இல்லை. நல்ல எதிர்பார்ப்பு அதன் பயனை இரு மடங்காக்கியது. கெட்ட எதிர்பார்ப்பு முழுப் பயனையும் அழித்துவிட்டது. அவ்வளவு வலிமையான மருந்தையே ஒரு வாக்கியம் செயலிழக்கச் செய்யுமானால், ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று எரிச்சலோடு சொல்லி எழுதித்தரப்படும் மாத்திரை எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று மருத்துவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேரம் குறைவு என்பது உண்மைதான். அமெரிக்காவில் 1984-இல் வெளியான ஆய்வொன்று, நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் இடைமறிப்பதைக் கண்டது. 2017-இல் வெளியான உலகளாவிய தொகுப்பு ஒன்றின்படி, ஆரம்பநிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரம் ஸ்வீடனில் இருபது நிமிடங்களைத் தாண்டுகிறது; இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் ஐந்து நிமிடங்களுக்கும் குறைவு. இந்தச் சுமை முழுவதையும் நோயாளியின் தலையில் வைப்பது நியாயமன்று. ஆனாலும் அந்தச் சில நிமிடங்களை வீணாக்காமல் இருக்கச் சில வழிகள் உதவுகின்றன. வலி எவ்வளவு என்பதைவிட, வலியால் எது முடியவில்லை என்று சொல்வது மருத்துவர் மனத்தில் எளிதில் பதியும்: குடத்தைத் தூக்க முடியவில்லை, பேருந்துப் படியில் ஏற முடியவில்லை, இரவில் மூன்று முறை விழிப்பு வருகிறது. வலியின் தன்மையைத் தமிழில் உள்ளபடியே சொல்லலாம். எரிச்சல், மரமரப்பு, ஷாக் அடித்தாற்போன்ற வெட்டு ஆகியவை நரம்பே பாதிக்கப்பட்டதைச் சுட்டக்கூடும், குடைச்சலும் கடுப்பும் வேறு திசையைக் காட்டக்கூடும். இரண்டு வாரக் குறிப்பை ஒரே தாளில் எழுதி முதலிலேயே நீட்டலாம். காரணமின்றி எடை குறைதல், காய்ச்சல், கால்களில் கூடிக்கொண்டே போகும் பலவீனம், சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமை, தொடைகளின் உட்பக்கம் மரத்துப்போதல், முன்பு புற்றுநோய் வந்திருத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அதையே முதலில் சொல்ல வேண்டும். அவற்றுக்கு உடனடியாக வேறு காரணம் தேடியாக வேண்டும்.

சிகிச்சையில் மருந்தின் பங்கு பலர் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. ஃபைப்ரோமயால்ஜியாவுக்கான ஐரோப்பிய வாதநோய் மருத்துவக் கூட்டமைப்பின் 2016 பரிந்துரைகளில் அழுத்தமான ஆதரவு பெற்ற ஒரே சிகிச்சை உடற்பயிற்சி. வலுவான ஓப்பியாய்டுகள் வேண்டாம் என்றும் அவை கூறின. ஆனால் வலியோடு இருப்பவரிடம் ‘நடங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவது கொடுமை. வலி குறைந்த ஒரு நாளில், தேங்கிக் கிடந்த துணியையும் பரணையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, அடுத்த நாட்களைப் படுக்கையில் கழிப்பது பலருக்கும் பழக்கமானது. அந்தச் சுழற்சியை உடைக்க, நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் செய்யக்கூடிய சிறிய அளவு ஒன்றைக் கண்டறிந்து, அது பத்து நிமிட நடையாகவே இருந்தாலும், வாரங்கள் செல்லச் செல்லச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். அசைவு ஆபத்தில்லை என்பதை நரம்பு மண்டலம் திரும்பத் திரும்ப அனுபவித்துத்தான் கற்றுக்கொள்கிறது. உறக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும் என்பதால், உறக்கத்தைச் சரிசெய்வதும் வலிக்கான சிகிச்சையே.

வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020-இல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்ற குறிப்பையும் அதனுடன் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, நாள்பட்ட முதன்மை வலி என்பதைத் தனி நோயாகவே ஏற்றது. அது வேறொரு நோயின் அடையாளமாக மட்டுமே இருக்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. எனவே மருத்துவரின் அறையிலிருந்து எழுவதற்கு முன், எந்தெந்த நோய்கள் இல்லை என்று உறுதியாகியிருக்கிறது, இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார், இந்த மருந்து பயன் தராவிட்டால் அடுத்து என்ன என்ற மூன்றையும் கேட்டு, சீட்டிலேயே எழுதித்தரச் சொல்லலாம். அடுத்த மருத்துவரிடம் போக நேர்ந்தால், எல்லாப் பரிசோதனையையும் முதலிலிருந்து தொடங்காமல் அந்தச் சீட்டிலிருந்து தொடங்க முடியும்.