திருப்பம் தவறினால் நேரே போங்கள்

லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம், இரண்டு வருடம் ஆனவர்கள் என்னிடம் திரும்பவும் பயிற்சிக்கு வருகிறார்கள். கிளச், கியர் எதிலும் பிரச்சினை இல்லை, "சேர், மெப் போட்டுக்கொண்டு ஓடப் பயமாக இருக்கு" என்பதுதான் முறைப்பாடு. பயம் நியாயம்தான், ஆனால் பயப்படுகிற இடம் பிழை. போனில் இருக்கிற மெப் அப் தப்பான வழியைக் காட்டிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். பக்கத்துச் சீட்டில் இருந்து நான் பார்த்தவரை, வாகனம் அடிபடப் பார்ப்பது பெரும்பாலும் அப் சரியாகவே வழி சொல்லி, ஓடுகிறவர் அந்தத் திருப்பத்தைத் தவறவிட்ட அடுத்த நாலைந்து வினாடிக்குள்தான்.

கொழும்பில் கொள்ளுப்பிட்டியிலிருந்து டுப்ளிகேஷன் வீதியால் வருகிறீர்கள் என்று வையுங்கள். ஒருவழிப் பாதை, நீங்கள் வலது பக்க லேனில். பௌத்தாலோக மாவத்தையில் இடப்பக்கம் திரும்பச் சொல்லிக் குரல் வருகிறது. வீட்டில் சொல்லிவிட்டது அதன் பழைய பெயர், புல்லர்ஸ் ரோட். அது இதுதானா என்று யோசித்து முடிப்பதற்குள் சந்தி வந்துவிடும். இப்போது என்ன செய்வீர்கள்? பலர் சட்டென்று பிரேக் பிடித்து, சிக்னலும் போடாமல், இரண்டு லேனைக் குறுக்கே வெட்டுகிறார்கள், பின்னால் பஸ்காரர் ஹோர்னில் கையை வைத்தபடி வருகிறார், இடப்பக்கத்து இடுக்கில் ஒரு த்ரீவீல் ஏற்கனவே மூக்கை நுழைத்துவிட்டது. நேரே போங்கள். அப் தானாக வேறு வழி போடும், ஐந்து பத்து நிமிடம் பிந்தும், அவ்வளவுதான்.

தெற்கு அதிவேக வீதியில் இதே பதற்றம் இன்னும் மோசம். வெளியேறும் இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று ஓரத்தில் நிறுத்தி றிவேர்ஸ் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பின்னால் மணிக்கு 100 கிலோமீற்றரில் வருகிற வாகனம் ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 28 மீற்றர் வந்துவிடும். அடுத்த வாசல் வரை போய்த் திரும்பி வர எரிபொருளும் கட்டணமும் கூடத்தான் போகும், போகட்டும்.

குரல் ஏன் பிந்தி வருகிறது என்று எல்லாரும் கேட்கிறார்கள். திறந்த வானத்தின் கீழேயே போனின் ஜிபிஎஸ் உங்களை ஏறத்தாழ 5 மீற்றர் ஆரத்துக்குள்தான் பிடிக்கும். உயரக் கட்டடங்களுக்கு நடுவே செய்மதிச் சமிக்ஞை சுவரில் பட்டுத் தெறித்து வருவதால் அது இன்னும் விலகும். ராஜகிரிய மேம்பாலத்தின் மேலே போகிறீர்களா கீழே போகிறீர்களா என்பதில் அது தடுமாறினால் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. பாலத்தில் ஏறுவதா விடுவதா என்பதை வீதிப் பலகையைப் பார்த்து நீங்களே முடிவெடுங்கள்.

மெப்பில் நெரிசலைக் காட்டுகிற சிவப்புக் கோடு, பச்சைக் கோடு விடயமும் அப்படித்தான். வீதியில் ஊர்கிற போன்களை வைத்துத்தான் அந்த நிறம் போடப்படுகிறது. பேர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் ஒரு சின்னக் கைவண்டியில் 99 போன்களைப் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார், ஆளில்லாத வீதி கூகுள் மெப்பில் சிவப்பாகிவிட்டது. நமக்குத் தலைவலி எதிர்ப்பக்கம்: போன் குறைவாக ஓடுகிற ஒழுங்கை வெறுமையாகத் தெரியும், பள்ளிக்கூடம் விடுகிற 1.30க்கு அதற்குள் வான்கள் வரிசையாக நிற்பது தெரியாது. ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வருகிற நாளில் காலி வீதியை நம்பிப் புறப்படலாமா என்பதை மெப்பை விட உங்கள் பக்கத்து வீட்டு அன்ரி நன்றாகச் சொல்வார். பெருமழைக்குப் பிறகு வெள்ளம் தேங்குகிற ஆமர் வீதிப் பக்கம் போவதும் அப்படித்தான்.

சரி, அப்ப என்ன செய்வது? வாகனத்தை எடுக்க முதல், நிற்கிற இடத்திலேயே முழு வழியையும் ஒருமுறை விரலால் நகர்த்திப் பாருங்கள், கடைசி மூன்று திருப்பங்களை மனதில் வையுங்கள். ஓடும்போது எழுத்துத் தட்டவே வேண்டாம். 50இல் போகும்போது இரண்டு வினாடி திரையைப் பார்த்தால் 28 மீற்றர் வீதியைப் பார்க்காமலே ஓடியிருப்பீர்கள், போனைக் கையில் பிடித்திருந்தால் அது சட்டப்படி குற்றமும் கூட. பக்கத்தில் அம்மாவோ மகனோ இருந்தால் போனை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். தனியே என்றால் முன்கண்ணாடியின் நடுவில் ஒட்டாமல், ஏசி காற்று வருகிற துவாரத்துக்குப் பக்கத்தில், பார்வையை மறைக்காத உயரத்தில் மாட்டுங்கள். ஐபோன் போன்றவை 35 பாகை வரையான சூழலுக்கென்று செய்யப்பட்டவை, மத்தியான வெயிலில் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் சூடேறித் திரை மங்கும், அதுவும் சரியாகச் சந்தி வரும்போதுதான்.

என் பயிற்சியில் ஒரு பாடம் இதற்காகவே இருக்கிறது. கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு மெப்பைப் போட்டு வரச் சொல்லிவிட்டு, ஒரு திருப்பத்தை வேண்டுமென்றே விடச் சொல்வேன். குரல் புதுவழி சொல்லும் வரை வேகத்தையும் லேனையும் மாற்றாமல் இருப்பதுதான் பயிற்சி. முதல் தடவை எல்லாருடைய காலும் பிரேக்குக்குத்தான் போகும், மூன்றாவது தடவை கதைத்துக்கொண்டே ஓடுவார்கள். வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்த பிறகு வாகனம் நிறுத்த இடம் கிடைக்காது, அது வேறு கதை.