சஃப்வானின் கடைசிப் பேரீச்ச மரம்

ஒரு நாட்டு எல்லை மூன்று கட்டமாக உருவாகிறது. எந்த நிலம் யாருக்கு என்று பேசி முடிப்பது முதல் வேலை. அதைச் சொல்லாலும் வரைபடத்தாலும் வகுப்பது அடுத்தது. கடைசியில்தான் தரையை அளந்து கல் நடுவார்கள். குவைத்–ஈராக் எல்லையில், அன்று இரு நாடுகளையும் தன் ஆதிக்கத்தில் வைத்திருந்த பிரிட்டன் இரண்டாம் கட்டத்தையே அரைகுறையாக விட்டுவிட்டது.

1913இல் பிரிட்டனும் உஸ்மானியப் பேரரசும் குவைத்துக்கு ஓர் எல்லையை ஒப்புக்கொண்டன. உலகப் போர் மூண்டதால் அந்த ஒப்பந்தம் உறுதிசெய்யப்படவில்லை. 1922இன் இறுதியில் இன்றைய சவூதி அரேபியாவின் உகைர் துறைமுகத்தில், ஈராக்கிலிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் பெர்சி காக்ஸ் குவைத்தின் தெற்கு எல்லையை வரைந்தார். குவைத் ஷேக் அங்கே இல்லை. அவர் சார்பில் பேச வந்தவரும் ஒரு பிரிட்டிஷ் அதிகாரிதான்! குவைத் தனதென்று கோரிய நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பின்னாளில் சவூதி அரேபியாவை நிறுவிய இப்னு சவூதிடம் போயிற்று.

ஈராக்கை ஒட்டிய வடக்கு எல்லைக்கு மாநாடுகூட நடக்கவில்லை. 1923 ஏப்ரலில் காக்ஸ் எழுதிய கடிதமே ஆதாரம். 1932இல் ஈராக் பிரதமர் நூரி அல்-சயீதும் அதே விவரிப்பைத் தம் கடிதத்தில் உறுதிப்படுத்தினார். பாதின் பள்ளத்தாக்கு வழியே வடக்கே போய், ஈராக்கின் எல்லையோர ஊரான சஃப்வானின் அட்சக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே கிழக்காகத் திரும்ப வேண்டும் என்கிறது அது.

'சற்று' என்றால் எத்தனை மீட்டர்? சஃப்வானின் தென்கோடிப் பேரீச்ச மரத்திலிருந்து அளக்கலாம் என்றார்கள். தோப்புக்குத் தெற்கே யாராவது புதுக் கன்று நட்டால் எல்லையும் நகர்ந்துவிடும். எல்லையைக் காட்ட சாலையோரம் நின்ற அறிவிப்புப் பலகையும் 1939இல் அகற்றப்பட்டது. பாதினிலும் இதே சிக்கல்தான். அது அகன்ற வறண்ட படுகை. அதில் எந்த ஓரத்தைப் பிடித்துப் போவது?

வளைகுடாப் போருக்குப் பிறகு, 1991இல் ஐ.நா. குழு ஒன்று இவற்றையெல்லாம் அளக்க உட்கார்ந்தது. பாதினில் மிகத் தாழ்ந்த புள்ளிகளை இணைத்துக் கோடு போட்டது. சஃப்வானில் பழைய சுங்கச் சாவடி மதிலின் தென்மேற்கு மூலையிலிருந்து, பழைய சாலை வழியே 1,430 மீட்டர் என்று பலகையின் இடத்தை முடிவுசெய்தது. சுமார் 2 கிலோமீட்டருக்கு ஒன்றாக 106 தூண்கள் எழுந்தன. 1993இல் பாதுகாப்பு சபையின் 833ஆம் தீர்மானம் இந்த எல்லையை உறுதிசெய்தது. 1994இல் ஈராக் ஏற்றுக்கொண்டது. ஈராக்கின் உம் கஸ்ர் துறைமுகத்தையொட்டிய கொஞ்சம் நிலம் குவைத் பக்கம் போனதை ஈராக்கியர் பலர் இன்றும் ஏற்கவில்லை.

கடலில் கோர் அப்துல்லா நீர்வழியில் அந்தக் கோடு 162ஆம் புள்ளியோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் எல்லை எங்கே என்பதில் இரு நாடுகளும் இன்னும் உடன்படவில்லை.