கேஸ் சிலிண்டருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு, தெரியுமா?

வீட்டில் இண்டேன், பாரத், ஹெச்பி என எந்த கேஸ் இணைப்பு இருந்தாலும் அதோடு ஒரு விபத்துக் காப்பீடும் சேர்ந்தே வருகிறது. நீங்கள் தனியாக பிரீமியம் கட்ட வேண்டாம், எண்ணெய் நிறுவனங்களே எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து பாலிசி எடுத்து வைத்திருக்கின்றன. உயிர் போனால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை (ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சத்துக்குள்), வீடு, பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை.

ஆனால் தீ எதனால் பிடித்தது என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். கேஸ்தான் முதல் காரணமாக இருக்க வேண்டும். மின்கசிவில் பிடித்த தீ அடுப்படி வரை வந்து சிலிண்டர் வெடித்தால் இதில் சேராது. இன்னொன்று, பொருள் சேதத்துக்கான பணம் இணைப்பில் பதிவான முகவரிக்கு மட்டும்தான். வாடகை வீடு மாறி, பழைய முகவரியிலேயே சிலிண்டர் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் முதலில் அதை மாற்றுங்கள்.

விபத்து நடந்தால் உடனே ஏஜென்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றதை அவர்கள் நிறுவனத்துக்கும் இன்ஷூரன்ஸுக்கும் தெரிவிப்பார்கள், நீங்கள் நேராக அங்கே போய் அலைய வேண்டியதில்லை. மருத்துவ பில், டிஸ்சார்ஜ் சீட்டு, உயிரிழப்பு என்றால் இறப்புச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

சரி, அந்த நிலைமையே வராமல் இருக்க? பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும், நாம் ஹாலில் இருப்போம், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்ததும் லைட் போட்டுப் பார்க்கலாம் என்றுதான் கை போகும், அந்த ஒரு பொறி போதும். ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

ரப்பர் டியூபை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதிலேயே வருடம் அச்சிட்டிருக்கும். எங்கள் வீட்டு டியூபைத் துடைத்துப் பார்த்தேன், எண்ணெய்ப் பிசுக்கில் அந்த எழுத்தே அழிந்துபோயிருந்தது. அன்றைக்கே ஏஜென்சிக்குப் போய், ஐஎஸ்ஐ முத்திரை போட்டதாகப் பார்த்து வாங்கி வந்தேன்.