சுவருக்கு முன்பே சமையலறை

மோட்டார் ஹோம், அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கி வாழ வசதியுள்ள வண்டி, கட்டும் ஆலை ஒன்றின் காணொளியைப் பார்த்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெறும் தரையின் மேல் முதலில் அடுப்பும் அலமாரியும் கட்டிலும் கழிப்பறையும் வந்து உட்காருகின்றன. அதற்குப் பிறகுதான் சுவர் வருகிறது, அதுவும் ஒரே துண்டாகக் கிரேனில் தொங்கிக்கொண்டு. ஜன்னலுக்காக வெட்டிய இடத்தில் உற்றுப் பார்த்தால் உள்ளே தெர்மாகோல் தெரிகிறது. இதற்குள் குடும்பத்தை உட்கார வைத்துக்கொண்டு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகலாமா?"

அவர் கண்ணில் பட்டது தெர்மாகோலேதான். சில ஆலைகளில் அதைவிட அடர்த்தியான நுரையை வைப்பார்கள். போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். அந்தச் சுவரைப் போல என்னை வியக்க வைத்த பொறியியல் பொருட்கள் மிகச் சில.

முதலில் வரிசையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். லாரி, வேன் தயாரிக்கும் நிறுவனங்களிலிருந்து சேஸிஸ் வந்து சேரும்: எஞ்சின், சக்கரங்கள், ஸ்டியரிங், இரண்டு நீண்ட எஃகுச் சட்டங்கள். பெரிய வகை வண்டி என்றால் மேலே கூரையும் இருக்காது, கதவும் இருக்காது. அது ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு நகர்ந்துகொண்டே போகும். எல்லா நிலையங்களிலும் அது நிற்கும் நேரம் ஒரே அளவுதான். இந்த நேரத்தை உலகெங்கும் ஆலைகளில் 'டாக்ட்' என்கிறார்கள். இசையில் தாளத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல் அது, பொருத்தமான பெயர். 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் ஃபோர்டு நகரும் வரிசையைத் தொடங்கியபோது, ஒரு காரைப் பொருத்தி முடிக்க ஆன 12 மணி நேரத்துக்கும் மேற்பட்ட உழைப்பு விரைவிலேயே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. அதே முறையை வீட்டுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சிற்றூரில் வின்னபேகோ நிறுவனம் 1966இல் மோட்டார் ஹோம்களை வரிசையில் வைத்துக் கட்டத் தொடங்கியது. இன்று இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரம் இத்தொழிலின் தலைநகரமாக இருக்கிறது.

சில ஆலைகளில் வண்டி சக்கரத்தில் உருளாமல் காற்றில் மிதந்து நகரும். அடியில் வைத்த ரப்பர் மெத்தைகளுக்குள் அழுத்தக் காற்றைச் செலுத்துவார்கள். மெத்தையின் அடிப்புறத்திலிருந்து கசியும் காற்று, வழவழப்பான தரைக்கும் மெத்தைக்கும் நடுவே மெல்லிய படலமாகப் பரவும். உராய்வு எண் ஆயிரத்தில் ஒன்று அளவுக்கு இறங்கிவிடுவதால், 10 டன் வண்டியைத் தள்ள ஏறக்குறைய 10 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். கிளப்ப இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். நான்கு பேர் வேர்வை சிந்தாமல் பக்கவாட்டில்கூட நகர்த்துவார்கள்.

உள்ளிருந்து வெளியே கட்டுவதன் காரணமும் எளிது. சுவர் ஏறிவிட்டால் ஓர் ஆள் நுழையும் கதவு ஒன்றுதான் மிஞ்சும். சுவர் இல்லாத தரையிலோ தச்சர், குழாய் பொருத்துபவர், மின்பணியாளர் மூவரும் மூன்று பக்கமும் நின்று ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். அலமாரிகள் வேறு பட்டறையில் முழுதாகத் தயாராகி மேலிருந்து இறங்கும். ஆனால் இப்படிக் கட்ட வேண்டுமென்றால் சுவர் முன்கூட்டியே தயாராகி, ஒரே துண்டாக, தூக்கினால் நெளியாமல் வர வேண்டும். செங்கல்லும் சாந்தும் வைத்து அது நடக்காது. வாசகர் சந்தேகப்பட்ட தெர்மாகோல் சுவர் இல்லாமல் இந்த வரிசையே இல்லை.

அது எப்படி விறைப்பாக நிற்கிறது? கையில் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளையும் கீழ்நோக்கி வளையுங்கள். மேற்பரப்பு நீள்கிறது, அடிப்பரப்பு சுருங்குகிறது. நடுவில் ஒரு கோடு நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அங்கே இருக்கும் பொருளுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. அந்த நடுக்கோட்டிலிருந்து இரண்டு மடங்கு தள்ளியிருக்கும் ஒரு துளிப் பொருள் இரண்டு மடங்கு நீள வேண்டியிருக்கிறது, எனவே இரண்டு மடங்கு எதிர்க்கிறது. அதோடு, அந்த எதிர்ப்பு நடுக்கோட்டிலிருந்து இரண்டு மடங்கு நீளமான நெம்புகோலில் செயல்படுகிறது. இரண்டும் பெருகினால் நான்கு மடங்கு. அதாவது தொலைவின் வர்க்கத்தில் விறைப்பு கூடுகிறது.

இதை அறிந்தவர் என்ன செய்வார்? உறுதியான பொருளை நடுவில் வீணடிக்காமல், இரண்டாகப் பிரித்து, முடிந்த அளவு தள்ளித் தள்ளி வைப்பார். கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடுகள் இரண்டு. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் 2 மில்லிமீட்டர் தகடு. சதுர மீட்டருக்கு 5.4 கிலோ. இப்போது அவற்றைப் பிரித்து, நடுவே 29 மில்லிமீட்டர் தெர்மாகோலை வைத்து ஒட்டுங்கள். கன மீட்டருக்கு 20 கிலோ அடர்த்தியுள்ள நுரை என்றால், கூடும் எடை 600 கிராம்கூட இல்லை. எடை பத்தில் ஒரு பங்குதான் கூடியது. விறைப்போ, கணக்குப்படி 675 மடங்கு. நுரை கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் நடைமுறையில் இது குறையும். நீளம் குறைந்த பலகையில் இன்னும் குறையும். குறைந்த பிறகும் மிஞ்சுவது ஏராளம். 600 கிராம் தெர்மாகோலை வைத்து இவ்வளவு சாதிக்கலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பரவசமாக இருக்கிறது.

அப்படியானால் நுரைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, அதுதான் நுட்பமான வேலை. தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றை வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும். வளைந்த நிலையில் அதன் ஓரத்தைக் கவனியுங்கள்: தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிப் படிக்கட்டுபோல நிற்கும். இப்போது நிமிர்த்தி, திறந்திருக்கும் ஓரத்தில் இரண்டு இறுக்கமான கிளிப்புகளை மாட்டிவிட்டு மறுபடி வளையுங்கள். முரண்டு பிடிக்கும். தாளும் அதேதான், எண்ணிக்கையும் அதேதான். சறுக்கலைத் தடுத்துவிட்டோம், அவ்வளவே. சுவரில் இந்தக் கிளிப்பின் வேலையை நுரையும் பசையும் சேர்ந்து, ஓரத்தில் மட்டுமல்லாமல் ஒவ்வொரு புள்ளியிலும் செய்கின்றன. அமுக்கப்படும் பக்கத்துத் தகடு சுருக்கம் விழுந்து மடங்காமல் பின்னாலிருந்து தாங்குவதும் நுரைதான்.

இயற்கை இதை எப்போதோ கண்டுகொண்டது. நம் மண்டையோட்டைக் குறுக்கே வெட்டினால் இரண்டு கெட்டியான எலும்புத் தகடுகளும் நடுவே பஞ்சு போன்ற எலும்பும் இருக்கும். 1940 நவம்பர் 25 அன்று முதன்முறை பறந்த பிரிட்டனின் மஸ்கிட்டோ போர் விமானத்தின் உடல், மெல்லிய பர்ச் மரப் பலகைகளுக்கு நடுவே மிக இலேசான பால்சா மரம் வைத்து ஒட்டியது.

ஆக, எல்லாம் பசையில் வந்து நிற்கிறது. 7 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் உள்ள சுவரில் ஒரு கையளவு இடம்கூட விடாமல் எப்படி ஒட்டுவது? பெரிய மேசையில் வெளித்தகடு, பசை, நுரை, அதனுள் ஜன்னலையும் அலமாரியையும் தாங்கப் போகும் அலுமினியச் சட்டம், மறுபடி பசை, உள்தகடு என்று அடுக்குவார்கள். மேலே ரப்பர் விரிப்பைப் போர்த்தி, அடியிலுள்ள காற்றை உறிஞ்சுவார்கள். உருளைகளுக்கிடையே செலுத்தி அழுத்தும் ஆலைகளும் உண்டு. எனக்குப் பிடித்தது வெற்றிட மேசைதான். வளிமண்டலம் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 10 டன் எடையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. 14 சதுர மீட்டர் சுவருக்கு அடியில் பாதிக் காற்றை எடுத்தால்கூட 70 டன்! அதுவும் ஓரிடத்தில் கூடாமல், ஓரிடத்தில் குறையாமல், எங்கும் சமமாக. 17ஆம் நூற்றாண்டில் ஓட்டோ வான் கெரிக்கே இரண்டு செம்பு அரைக்கோளங்களைச் சேர்த்துக் காற்றை எடுத்து, குதிரைகளால் இழுத்தும் பிரிக்க முடியாததைக் காட்டினார். அதே காற்றுதான் இங்கே கூலி வாங்காமல் வேலை செய்கிறது. பசை இறுகிய பிறகு கணினி இயக்கும் வெட்டும் கருவி வந்து ஜன்னல், கதவு வடிவங்களைத் துல்லியமாக வெட்டியெடுக்கும்.

கனமாக இருந்தால்தான் உறுதி என்ற எண்ணத்தை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். சோதித்துப் பாராமல் தலைமுறைகளாகக் கைமாறி வருவது வேறென்ன? கல்வியும் இதற்கு உதவவில்லை. அகலம் பெருக்கல் தடிமனின் மூன்றாம் அடுக்கு, கீழே பன்னிரண்டு என்று மாணவர்கள் விறைப்பைக் கணக்கிடும் சூத்திரத்தை ஒப்பிக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் இரண்டு கிளிப்புகளையும் கொடுப்பவர்கள் குறைவு. பசையின் மேல் செய்யப்படும் ஆராய்ச்சிக்கு ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டலில் ஒரு துளியும் கிடைப்பதில்லை என்பதும் என் வருத்தம். ராக்கெட்டின் உடலிலும் இதே அடுக்குச் சுவர் உண்டு, அங்கேயும் ஒட்டிவைத்திருப்பது பசைதான். நிதி ஒதுக்குபவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தச் சுவருக்குப் பெரிய பகை தண்ணீர். திருகாணித் துளை வழியாகவோ ஜன்னல் ஓரமாகவோ கசியும் நீர், தகடுக்குப் பின்னால் மெல்லிய பிளைவுட் இருந்தால் அதை ஊறவைக்கும், பசையைத் தளர்த்தும். குளிர்நாடுகளில் அது உறைந்து 9 சதவீதம் பருத்து விரிசலை அகலப்படுத்தும். தகடு நுரையிலிருந்து விடுபட்ட இடத்தில் சறுக்கலைத் தடுக்க யாரும் இல்லை. அங்கே இருப்பது 675 மடங்கு விறைப்புள்ள பலகை அல்ல. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு தகடுகள். அவற்றின் விறைப்பு, ஒட்டிய 2 மில்லிமீட்டர் தகட்டின் விறைப்பில் கால் பங்குதான். இதைக் கண்டுபிடிக்கச் சுவரை நாணயத்தால் தட்டிக்கொண்டே போவார்கள். நன்றாக ஒட்டிய இடம் கணீரென்று ஒலிக்கும், விட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். சுவரைத் தட்டிப் பார்ப்பதில் தவறில்லை, கனத்துக்காகத் தட்டாமல் ஒட்டுக்காகத் தட்ட வேண்டும்.

அதனால்தான் வரிசையின் கடைசியில், வண்டியின் மேல் மழைபோல நீரைப் பொழிந்து பார்ப்பதோடு சில ஆலைகள் நிறுத்திக்கொள்வதில்லை. கதவு ஜன்னல்களை மூடி, கூரைத் துளையில் விசிறியைப் பொருத்தி உள்ளே காற்றை ஊதுவார்கள். உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடச் சற்றே கூடும். மழைநீர் எட்டிப் பார்க்கப் பல மாதங்கள் ஆகும் நுண்ணிய வழியிலும் காற்று உடனே வெளியேறும். ஒருவர் சோப்பு நீரைக் கூரை மூலையிலும் விளக்கின் விளிம்பிலும் ஜன்னலைச் சுற்றியும் தடவிக்கொண்டே நடக்கிறார். ஏணியின் உச்சியில், சுவரும் கூரையும் சேரும் மூலையில், கடுகளவில் ஒரு குமிழி எழும்பி மெல்லப் பெரிதாகிறது. அவர் அந்த இடத்தைத் துடைத்து, அடையாளம் வைத்து, அடைப்புப் பசைக்குழாயை எடுக்கிறார்.