ஆறு கிளிக் எதற்கு?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் எந்த மாடிப்படியில் ஏறினாலும் ஏதாவதொரு கணக்கு அலுவலகத்தில்தான் போய் நிற்போம். ஊழியர் சேமநிதிக்கும் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவுக்கும் மாதந்தோறும் 15ஆம் தேதிக்குள் பணம் கட்டியாக வேண்டும் என்பதால், இரண்டாம் வாரத்தில் அங்கே மவுஸ் ஓயாது. கிராணி, அதாவது எழுத்தர், டி டிரைவைத் திறக்கிறார். அதற்குள் வாடிக்கையாளர் கோப்புறை, அதற்குள் நிறுவனத்தின் பெயர், அதற்குள் ஆண்டு, அதற்குள் 'காஜி' (மலாயில் சம்பளம்), அதற்குள் மாதம். அடுத்த நிறுவனத்துக்கு மறுபடியும் முதலிலிருந்து. இத்தனைக்கும் திரையின் அடியில் ஸ்டார்ட் பொத்தான் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. கணினியை அணைக்க மட்டுமே அது என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள்.

விண்டோஸ் 95 வெளியான 1995 ஆகஸ்ட் 24 அன்றே ஸ்டார்ட் மெனுவும் வந்துவிட்டது. பார்க்கப் பெரிய பொறியியல் போலத் தெரிந்தாலும், அதன் நிரல் பட்டியலில் பெரும்பகுதி வன்தட்டில் உள்ள சாதாரணக் கோப்புறையின் உள்ளடக்கம்தான். சந்தேகமிருந்தால் மெனுவின் முழுப் பட்டியலில் எக்செல் மீது வலது கிளிக் செய்து, 'மோர்', பிறகு 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' என்று போய்ப் பாருங்கள். வழக்கமான கோப்புறைச் சாளரம் திறக்கும். உள்ளே வரிசையாக ஐகான்கள். ஒவ்வொன்றின் இடது மூலையிலும் குட்டி அம்பு. அந்த அம்புதான் 'ஷார்ட்கட்' எனப்படும் குறுக்குவழியின் அடையாளம். இப்படி இரண்டு கோப்புறைகள் இருக்கின்றன: கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொதுவானது ஒன்று, உங்கள் கணக்குக்கு மட்டும் உரியது மற்றொன்று. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகக் கலந்து காட்டுகிறது. ஸ்டோரிலிருந்து இறக்கும் செயலிகள் மட்டும் வேறு வழியாக வந்து சேர்கின்றன.

குறுக்குவழி என்பது முகவரி எழுதிய சீட்டு. சில கிலோபைட் அளவுள்ள அந்தச் சிறு கோப்பில் இலக்கின் முழுப் பாதை, அதன் அளவு, அது கடைசியாக மாற்றப்பட்ட நேரம், வட்டின் தொடர் எண் எல்லாம் பதிவாகியிருக்கும். கோப்புறையை வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் குறுக்குவழி பெரும்பாலும் அதைக் கண்டுபிடித்துவிடுவது இதனால்தான். விண்டோஸ் தன் உள்வட்டுகளுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் என்ற சேமிப்பு முறையில் வடிவமைத்த (ஃபார்மட் செய்த) வட்டில் இலக்குக்கு ஒரு தனி அடையாள எண் கிடைக்கிறது. பெயர் மாறினாலும் இடம் மாறினாலும் அந்த எண் மாறாது. பென் டிரைவ்கள் பெரும்பாலும் வேறு முறையில் வடிவமைக்கப்பட்டவை என்பதால் அங்கே இந்த வசதி இல்லை. நேற்று 'இ' என்று வந்த பென் டிரைவ் இன்று 'எஃப்' என்று வந்தால் சீட்டில் உள்ள முகவரி பொய்யாகிவிடும். வெளி வட்டை நம்பி வேலை செய்பவர்கள் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியில் அதற்கு நிரந்தரமாக ஓர் எழுத்தை ஒதுக்கிவிடுவது நல்லது.

கிளிக்குகளின் எண்ணிக்கை மட்டும் நேரத்தைத் தீர்மானிப்பதில்லை. ஓர் இலக்கைச் சுட்டிக்காட்ட ஆகும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் காட்டினார். தொலைவில் உள்ள சிறிய இலக்குக்கு அதிக நேரம். அருகில் உள்ள பெரிய இலக்குக்குக் குறைந்த நேரம். திரையின் மூலை இந்தக் கணக்கில் ஒரு தனிச் சலுகை பெறுகிறது. மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் அம்பு அங்கேயே முட்டி நின்றுவிடும். குறி பார்க்கவே வேண்டாம். விண்டோஸ் 11 ஸ்டார்ட் பொத்தானை நடுவுக்கு நகர்த்தி இந்தச் சலுகையைப் பறித்துவிட்டது. அழகுக்காகச் செய்தார்கள் போலும்; எனக்கு அது நஷ்டக் கணக்காகவே படுகிறது. நல்லவேளை, டாஸ்க்பார் அமைப்பில் 'அலைன்மென்ட்' என்பதை 'லெஃப்ட்' ஆக்கினால் பொத்தான் பழைய மூலைக்கே திரும்பிவிடும்.

உள்மெனு விரியும்போது ஒரு நொடிக்கும் குறைவான தயக்கம் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கணினி மந்தமாகிவிட்டது என்று இதைப் பழிப்பவர்கள் உண்டு. உண்மையில் அது வேண்டுமென்றே வைத்த 400 மில்லிநொடித் தாமதம். ஒரு வரியிலிருந்து பக்கத்தில் விரிந்த உள்மெனுவின் கீழ்ப்பகுதிக்குப் போகும்போது நம் கை நேர்கோட்டில் நகராது, சாய்வாக நகரும். வழியில் அடுத்த வரிகளையும் அம்பு தொட்டுவிடும். தாமதம் இல்லாவிட்டால், தொட்ட மாத்திரத்தில் முதல் உள்மெனு மூடி வேறொன்று திறந்துவிடும். கை சாய்வாகக் கடந்து முடிக்கும் வரை விண்டோஸ் பொறுத்திருக்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இந்த எண்ணைக் குறைத்தால் வேகம் கூடும் என்ற யோசனை பரவலாகச் சொல்லப்படுவது. பூஜ்யம் வைத்துப் பாருங்கள். மெனுக்கள் துள்ளிக் குதிக்கும், எரிச்சல்தான் மிஞ்சும். அடுக்குகளைக் குறைப்பதே சரியான வழி.

தினமும் திறக்கும் கோப்புறையின் மீது வலது கிளிக் செய்து 'பின் டு ஸ்டார்ட்' கொடுத்தால் அது மெனுவின் கட்டங்களில் வந்து அமரும். அதை இழுத்து மேல் வரிசைக்குக் கொண்டுபோகலாம். விண்டோஸ் 11இல் ஒரு கட்டத்தை இழுத்து மற்றொன்றின் மீது விட்டால் இரண்டும் ஒரே குழுவாகிவிடும். 'காஜி', 'வருமான வரி' என்று குழுவுக்குப் பெயரும் வைக்கலாம். செட்டிங்ஸில் 'பர்சனலைசேஷன்', 'ஸ்டார்ட்', 'ஃபோல்டர்ஸ்' என்று போனால் டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் போன்றவற்றை பவர் பொத்தானுக்குப் பக்கத்திலேயே நிறுத்தும் வசதி உண்டு. அங்கே வருவது விண்டோஸ் அனுமதிக்கும் சில கோப்புறைகள் மட்டுமே. நம் சொந்தக் கோப்புறைக்கு இடமில்லை.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் புதியதற்கு மாறியவர்கள் ஒரு பழைய வசதியைத் தேடிக்கொண்டிருப்பார்கள். டாஸ்க்பாரில் 'நியூ டூல்பார்' என்று ஒரு கோப்புறையைச் சேர்த்தால் அதன் உள்கோப்புறைகள் எல்லாம் அடுக்கடுக்காக விரியும். விண்டோஸ் 11இல் அது இல்லை. அதற்கு ஓரளவு ஈடாக, டாஸ்க்பாரில் உள்ள ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஐகானை வலது கிளிக் செய்யுங்கள். எக்ஸ்ப்ளோரரில் நீங்கள் பின் செய்த கோப்புறைகள் அங்கே பட்டியலாக நிற்கும். எந்தச் செயலிக்குள் இருந்தாலும் இரண்டே கிளிக்.

விசைப்பலகைக்காரர்கள் விண்டோஸ் விசையைத் தட்டிப் பெயரை எழுதினாலே போதும். ஆனால் தேடல் அட்டவணை வழக்கமாக உங்கள் கணக்கின் கோப்புறைகளையும் ஸ்டார்ட் மெனுவையும் மட்டுமே பார்க்கிறது. டி டிரைவைத் தேடல் அமைப்பில் நீங்களே சேர்க்க வேண்டும். கோப்புறைகளுக்குத் தமிழில் பெயர் வைத்தால் விண்டோஸ் தடையின்றி ஏற்கும், தேடும்போது மட்டும் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றியாக வேண்டும். 'காஜி' என்று தமிழிலும் மலாய்க்கான ரோமன் எழுத்திலும் மாற்றி மாற்றி எழுதும் அலுவலகத்தில் தேடல் பாதிக் கோப்புறைகளைக் காட்டாமலே விட்டுவிடும். முதலில் எல்லோரும் ஒரே எழுத்துக்கு உடன்பட்டாக வேண்டும். மாதக் கோப்புறைகளுக்கு 01, 02 என்று முன்னொட்டு எண் கொடுத்தால் ஏப்ரலும் ஆகஸ்டும் ஜனவரிக்கு முன்னால் போய் நிற்காது.