வண்டி ஓடும்போது போன் போடுவது யார்?

டெலிவரி வேன், சர்வீஸ் டெக்னீஷியனின் பைக், மருந்துப் பிரதிநிதியின் ஸ்கூட்டர் என்று ஆட்களை ரோட்டில் விட்டு வேலை வாங்கும் எந்த அலுவலகத்திலும் 'ஓட்டும்போது போன் பேசாதீர்' நோட்டீஸ் ஒன்று சுவரில் இருக்கும். அதே அலுவலகம் கம்பெனி சிம்முக்கு வந்த ஒரு வார அழைப்புகளை எடுத்து, ஜிபிஎஸ்ஸில் வண்டி நகர்ந்த நேரத்தோடு ஒட்டிப் பார்க்கட்டும். பல இடங்களில் அலுவலக எண்களே வரிசையாக நிற்கும்.

வண்டிகளை அனுப்பிக் கண்காணிக்கும் டிஸ்பேட்ச் மேசையில் நடப்பது இதுதான். வேன் 58 கிலோமீட்டர் வேகத்தில் பெருங்களத்தூரைத் தாண்டுவது திரையில் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே போன் போட்டு, "அண்ணே, எங்க வர்றீங்க?" என்று கேட்கிறார்கள். பதில் கண்ணெதிரே இருக்கிறது, ஆனாலும் கேட்க வேண்டும்! முதல் விதி இந்த மேசைக்குத்தான்: திரையில் வண்டி நகர்கிறது என்றால் போன் போடக் கூடாது. தகவலை மெசேஜாக அனுப்பலாம், ஓட்டுநர் அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்வார். ஜிபிஎஸ் இல்லாத இடத்தில், போன் எடுத்தவுடன் "ஓட்டுறீங்களா?" என்று கேட்டு, ஆமாம் என்றால் போன் போட்டவரே உடனே வைத்துவிட வேண்டும். மேலதிகாரி லைனில் இருக்கும்போது தான் முந்திக் கட் பண்ண எந்த ஓட்டுநருக்கும் துணிச்சல் வராது.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு சுமார் 17 மீட்டர் போகிறது. ஒரு மெசேஜைப் படிக்க ஐந்து நொடி என்றால் 83 மீட்டர். அதற்குள் ஒரு பஸ் ஸ்டாப்பும் அதன் முன்னால் ரோட்டைக் கடக்கும் பெண்ணும் வந்துவிடலாம்.

புளூடூத் இருக்கிறதே என்பார்கள். கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் கவனம் வாடிக்கையாளரின் புகாரில் இருக்கும். கண் பார்த்துக்கொண்டிருந்ததையே மூளை பதிவு செய்யாமல் விட்டுவிடுகிறது என்பதை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிமுலேட்டரில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் சில வண்டி அமைப்புகளில் 27 நொடி வரை கவனம் முழுதாகத் திரும்புவதில்லை என்று 2015இல் ஓர் ஆய்வு சொன்னது. 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 300 மீட்டர். சிவப்பு சிக்னலில் நிற்கும்போது வாட்ஸ்அப் பார்ப்பதும் இதே கணக்குதான். பச்சை விழுந்து வண்டி கிளம்பிவிடும், மனசு அந்த மெசேஜிலேயே இருக்கும்.

சட்டம் இந்த அளவுக்குப் போகவில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, கையில் போன் பிடித்து ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது. முதல் முறை 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்தலாம் என்று 2020இல் விதி வந்தது. கம்பெனி விதி இதைவிடக் கடுமையாக இருப்பது நல்லது: ஹேண்ட்ஸ்ஃப்ரீயும் கிடையாது. வண்டி கம்பெனி பேரில் இருந்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கம்பெனியும் எதிர்மனுதாரர் என்பதை நிர்வாகத்துக்கு ஞாபகப்படுத்தினால் போதும், கையெழுத்து சீக்கிரம் விழும்.

போனில் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்க முடியாது. 'ரிப்பீட் காலர்' என்ற ஒரு வசதி அதற்குள் இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள், ஒரே ஆள் இரண்டாம் முறை கூப்பிட்டால் மணி அடிக்கும். எடுக்கவில்லை என்றால் உடனே மறுபடி போடும் சூப்பர்வைசருக்கு இது திறந்த கதவு. அதை ஆஃப் செய்யுங்கள். 'வண்டி ஓட்டுகிறேன், நிறுத்தியதும் கூப்பிடுகிறேன்' என்ற தானியங்கிப் பதிலை, போனில் அந்த வசதி இருந்தால், தமிழிலேயே எழுதி வையுங்கள். மேப்பில் முகவரியைக் கிளம்பும் முன்பே போட்டு, தமிழ்க் குரலை ஆன் செய்துவிட வேண்டும். போன் ஸ்டாண்டு முன்கண்ணாடியின் நடுவில் வேண்டாம், பார்வையை மறைக்கும். டேஷ்போர்டில் தாழ்வாக இருக்கட்டும்.

பெரும்பாலான கம்பெனிகள் கோட்டை விடுவது நேரக் கணக்கில். ஒரு நாளைக்கு 10 இடம், இடத்துக்கு 5 நிமிடம் நிறுத்திப் போன் பேச வேண்டும் என்றால் 50 நிமிடம் ஆகும். அந்த 50 நிமிடத்தை டிரிப் ஷீட்டில் ஒதுக்காமல் பழைய டார்கெட்டையே வைத்தால் ஊழியர் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகித்தான் பேசுவார். வேறு என்ன செய்வார்? வாடிக்கையாளருக்கு ஓட்டுநரின் நம்பரைக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். 'இன்னும் அரை மணியில் வருவார்' என்ற தகவல் அலுவலகத்திலிருந்து போகட்டும். ஓடிபியை வாசலில் வண்டியை அணைத்த பிறகு கேட்டால் போதும்.

நிறுத்தும் இடமும் முக்கியம். நெடுஞ்சாலை ஓரத்தில் இண்டிகேட்டர் போட்டு நின்று பேசினால் பின்னால் வரும் லாரிக்கு அது நிற்கும் வண்டி என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பெட்ரோல் பங்க், லாரி நிறுத்துமிடம், ஹோட்டல் வாசல் என்று ரூட்டில் நான்கைந்து இடங்களை முன்கூட்டியே குறித்துக் கொடுங்கள். கிளீனர் இருந்தால் போன் அவர் கையில்.

போன் மட்டும் இல்லை. பக்கத்து சீட்டில் அப்படியே வைத்த பில் புத்தகம் பிரேக் பிடித்ததும் கீழே சரியும், கை தானாக அதன் பின்னால் போகும். உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போகும் தண்ணீர் பாட்டில் அதைவிட மோசம். ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியை சீட் பெல்ட்டால் கட்டி வைத்தால் இரண்டும் தீரும்.

தண்டனையில் ஆரம்பிக்காதீர்கள். பயந்தவர் போனை மடிக்கு இறக்கி வைத்துப் பார்ப்பார், கண் ரோட்டைவிட்டு இன்னும் கீழே போகும். முதல் மாதம் அந்த வார அழைப்புப் பட்டியலில் கூப்பிட்டவர் பத்தியை மட்டும் எடுத்து, யார் யார் எத்தனை முறை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். முதலாளியின் எண்ணையும் சேர்த்துத்தான்.